ஓடு பிரித்த வரிசை

ஆரணி
3-8-1997

தங்கை லதாவுக்கு அண்ணன் சிவகுமார் எழுதுவது.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மற்றபடி வீட்டில் குறையொன்றுமில்லை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் போனில் நீ பேசிக்கொண்டே போய் ஜெயித்துவிடுகிறாய். வைத்த பிறகுதான் நான் சொல்ல வேண்டியது எனக்கு ஞாபகம் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

இத்துடன் விடுதலைப் பத்திரத்தின் நகல் இருக்கிறது. நம் கடைக்குப் பின்னால் உள்ள தறிவரிசை அப்பாவின் சொந்த சம்பாத்தியம். உயில் எழுதாமல் போய்விட்டார். ஆகையால் அம்மா, நீ, நான் மூவருக்கும் சம பங்கு என்று வக்கீல் வேணுகோபால் சொல்கிறார். அந்த வரிசையை இடித்துக் கான்கிரீட் கட்டிடம் போட்டு, விசைத்தறி இறக்கப் போகிறேன். நீ உன் பங்கை விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டால்தான் பாங்கில் லோன் தருவார்கள். உன் பங்குக்கு உண்டானதை நகையாகவோ ரொக்கமாகவோ செய்துவிடுகிறேன். ஏமாற்ற மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் நீ இரண்டு மாணவர்களோடு வந்து அந்த வரிசையில் அறை அறையாக டேப் வைத்து அளந்தாய். எத்தனை பேர் படுக்கிறீர்கள், எங்கே சமைக்கிறீர்கள், மழை பெய்தால் எங்கே போவீர்கள் என்று கேட்டாய். பக்கத்து ஜரிகைக் கடைக்காரர் என்னிடம் வந்து, "இன்னாங்க சிவகுமார், பரசுராமன் பொண்ணு பரசுராமன் சொத்தையே சர்வே பண்ணிகினு இருக்குதே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் செய்யார் கல்லூரியைப் பாதியில் விட்டுக் கடையில் உட்கார்ந்தது நீ இதையெல்லாம் அளப்பதற்குத்தானா?

பத்திரத்தைப் படித்துப் பார்த்து உடனே பதில் எழுது.

சிவகுமார்


சென்னை
12-8-1997

அன்புள்ள அண்ணா,

பத்திரம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

நான் கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன் என்றால், மலையும் ஆறும் சொல்லிக்கொடுக்கிறேன் என்று நீ நினைக்கிறாய். மனிதர்கள் எங்கே வசிக்கிறார்கள், ஏன் அங்கே, யார் அவர்களை நகர்த்துகிறார்கள் என்பதும் புவியியல்தான். இப்போது நான் செய்யும் ஆராய்ச்சி, வீடும் வேலையும் ஒரே கூரையின் கீழ் முடிச்சுப் போடப்பட்டவர்களைப் பற்றியது. அப்படிப்பட்டவர்களைத் தேடி ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை. நான் அவர்களுக்கு நடுவில்தான் வளர்ந்தேன்.

நம் வரிசையில் ஆறு குடும்பங்கள். வீரனையும் சின்னபொண்ணுவையும் எடுத்துக்கொள். வந்தவாசிப் பக்கம் நிலமில்லாத குடும்பம். அப்பா கூட்டிவந்து தறி பழக்கினார். பாதி அறை குழித்தறி, மீதி அறையில் மூன்று பேர். மகள் அன்புச்செல்வி தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்கு அடியில்தான் பாய் விரிக்கிறாள். வாடகை கிடையாது. அதனால் ரசீதும் கிடையாது. நகராட்சிக் கணக்கில் அது தொழிற்கூடம், வீடு அல்ல. ஆகவே ரேஷன் கார்டு இன்னும் அவர்கள் கிராமத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் சின்னபொண்ணு அரிசி வாங்க பஸ் ஏறுகிறாள். அவர்கள் உனக்கு வேலை செய்கிறார்கள் என்பதற்கும் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. தறியை விட்டு எழுந்தால் அன்றைக்கே வீடும் இல்லை.

கைத்தறி போகிறதே என்று அழுகிறவள் இல்லை நான். குழிக்குள் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தவர்களின் முழங்காலைப் பார்த்திருக்கிறேன். விசைத்தறி போடு, எனக்கு ஆட்சேபணையில்லை. ஆனால் அந்த ஆறு குடும்பமும் எங்கே போகும் என்பதற்கு உன் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஜன்னல் எத்தனை, தூண் எத்தனை என்று பிளான் போட்டிருப்பாய். அவர்களுக்கு ஓர் இடம் காட்டு. மறுநாளே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

லதா


ஆரணி
28-9-1997

லதாவுக்கு,

நேற்று சேவூரில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து இலை போட்டபிறகு எதிர்வரிசையில் ஒருவர் பேப்பரை விரித்தார். சென்னையில் ஏதோ கருத்தரங்கில் நீ பேசியதாம். "வீடற்றவர்களை வேலை வாங்கும் பட்டு நகரம்" என்று தலைப்பு. உன் பெயர், உன் கல்லூரி, ஆரணி என்று ஊர்ப் பெயர் எல்லாம் இருக்கிறது. என் பெயர் மட்டும்தான் இல்லை. அதைப் பந்தியில் இருந்தவர்களே சேர்த்துக்கொண்டார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தேன்.

வீடற்றவர்களா? அவர்கள் தலைக்குமேல் இருக்கிற ஓடு யாருடையது? கரண்டுக்கு யார் கட்டுகிறார்கள்? அன்புச்செல்விக்கு டைபாய்டு வந்தபோது யார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது? மெட்ராசில் பிளாட்பாரத்தில் படுத்திருக்கிறவனும் என் தறிக்காரனும் உனக்கு ஒன்றா?

உனக்கு இன்னொன்று தெரியுமா? வீரன் காதுக்கும் செய்தி போயிருக்கிறது. காலையில் வந்து நின்றான். "எங்களுக்கு வூடு இல்லன்னு பேப்பர்ல போட்டுகினாங்களாமே மொதலாளி. அப்ப இது இன்னா?" என்று அவன் அறையைக் காட்டிக் கேட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. யாருக்காகப் பேசுவதாகச் சொல்கிறாயோ அவனுக்கே நீ பேசியது அவமானம்.

இடம் காட்டு என்று எழுதியிருந்தாய். ஊரில் எந்த முதலாளி தறிக்காரனுக்கு மனை வாங்கிக் கொடுத்தான்? காஞ்சிபுரத்து வியாபாரி விலையைக் குறைத்துக்கொண்டே போகிறான். பக்கத்துத் தெருவில் விசைத்தறி ஓடுகிற சத்தத்தில் என் கடையில் பேச முடியவில்லை. நான் தாமதித்தால் நானும் அவர்களும் சேர்ந்தே தெருவுக்கு வருவோம்.

தீபாவளிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். நீ ஒருத்திதான் பாக்கி.

சிவகுமார்


சென்னை
6-10-1997

அண்ணா,

அந்தத் தலைப்பு என்னுடையதல்ல. கூரை இருக்கிறது, ஆனால் அதன்மேல் உரிமை எதுவும் இல்லை. இப்படிப்பட்டவர்களையும் வீடற்றோர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று பேசினேன். அதைத்தான் அப்படிப் போட்டுவிட்டார்கள். பந்தியில் நீ எழுந்து போனதைப் படித்தபோது எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் வீரன் கேட்ட கேள்வி என்னைக் கேட்டதாக நினைக்காதே. அது உன்னைக் கேட்டது. "அப்ப இது இன்னா?" அது அவன் வீடு என்றால், தீபாவளிக்குள் காலி செய் என்று நீ சொல்ல முடியாது. அது அவன் வீடு இல்லை என்றால், நான் பேசியதில் தவறு என்ன? காலையில் அவனுக்காக வருத்தப்பட்ட வாயால்தானே மத்தியானம் காலி செய்யச் சொன்னாய்?

அம்மா எதில் கையெழுத்துப் போட்டாள் என்று அவளுக்குத் தெரியுமா? போனில் கேட்டேன். "அவன் ரிப்பேருன்னு சொன்னான்" என்றாள்.

தீபாவளிக்கு வருகிறேன். உட்கார்ந்து பேசுவோம். அதுவரை ஓர் ஓட்டைக்கூடத் தொடாதே. ஐப்பசி அடைமழையில் மண்சுவரைத் திறந்துபோட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

லதா


வேலூர்
19-11-1997

திரு. ப. சிவகுமார் அவர்களுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீரன் பிழைத்துக்கொண்டார். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. திரும்பி வராது என்று டாக்டர் சின்னபொண்ணுவிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். நான் அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்ப மிதிக்க முடியாதா?" என்று மட்டும் கேட்டாள். கால் இரண்டும் மிதிபலகையில் இல்லாமல் எந்தக் கைத்தறியும் ஓடாது.

தீபாவளியன்று அம்மாவின் எதிரில், பொங்கல் வரை யாரையும் கிளப்ப மாட்டேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். நான் அதை நம்பி பஸ் ஏறினேன். நான் கிளம்பிப் போன அதே வாரமே ஆள் வைத்து ஓடு பிரித்திருக்கிறீர்கள். ரிப்பேர் என்று அவர்களிடமும் சொல்லியிருக்கிறீர்கள். ரிப்பேருக்குப் பிரித்த ஓட்டை யாராவது லாரியில் ஏற்றி விற்பார்களா? நான்கு குடும்பங்கள் பயந்து கிளம்பிவிட்டன. போக இடமில்லாத இரண்டு குடும்பங்கள் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தன. மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நனைந்த சுவர், படுத்திருந்தவர்மேல் விழுந்தது.

இதெல்லாம் நடந்தது. நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இதுகூட இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் எழுதிக்கொடுத்ததை இன்று பார்த்தேன். "ஏற்கெனவே காலி செய்துவிட்டுப் போனவர், விட்டுப்போன சாமான்களை எடுக்க வந்தபோது சுவர் இடிந்தது. அவர் என்னிடம் வேலை பார்ப்பவர் அல்ல." உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும்.

இருபது வருடமாக அங்கே இருந்த மனிதரை ஒரே வரியில் அங்கே இல்லாமல் ஆக்கிவிட்டீர்கள். சுவர் அவர் காலைத்தான் எடுத்தது. நீங்கள் அவரையே எடுத்துவிட்டீர்கள்.

அந்த வாக்குமூலத்தை மாற்றிக் கொடுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

ஸ்வர்ணலதா


ஆரணி
2-12-1997

லதாவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். அவர்களுக்கு, நீங்கள், திரு என்று போட்டிருக்கிறாய். கீழே லதா என்றுகூட இல்லை, முழுப் பெயர். அப்பா செத்த அன்றைக்கு என் தோளில் சாய்ந்து அழுதவள் நீ. சரி, இருக்கட்டும்.

மழையில் என் வேனை நானே ஓட்டிக்கொண்டு வீரனை வேலூருக்குக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரியில் கேட்டதையெல்லாம் கட்டினேன். அதை நீ வராந்தாவில் உட்கார்ந்து எழுதிய கடிதத்தில் தேடிப் பார்த்தேன். காணவில்லை.

சுவரை நான் தள்ளினேனா? மேஸ்திரி அட்வான்ஸ் வாங்கிவிட்டு, இப்போது விட்டால் தை வரைக்கும் ஆள் கிடைக்காது என்றான். பாங்க் மேனேஜர், தங்கை கையெழுத்து பிறகு வரட்டும், முதலில் இடம் காலியாக இருப்பதைக் காட்டு என்றார். தீபாவளியன்று அம்மா அழுதாள், நீ முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அந்த நேரத்தில் எவனும் சரி என்றுதான் சொல்வான். நீ ஆகஸ்டிலேயே கையெழுத்துப் போட்டிருந்தால் வெயில் காலத்திலேயே எல்லோரையும் அனுப்பிவிட்டு, கையில் ஏதாவது கொடுத்து, வேலையை முடித்திருப்பேன். மழையில் வந்து நிறுத்தியது நீ. இதை யாரிடமாவது சொன்னாயா?

அந்த வாக்குமூலத்தை வேணுகோபால் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். குடியிருந்தான் என்று எழுதினால் என்மேல் கிரிமினல் கேஸ் என்றார். வேலைக்காரன் என்று எழுதினால் வாழ்நாள் முழுக்க அவனை நான் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்றார். எனக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அண்ணன் ஜெயிலுக்குப் போனால்தான் உன் ஆராய்ச்சி முடியுமா?

மாற்றி எழுத மாட்டேன்.

சிவகுமார்


சென்னை
25-3-1998

அண்ணா,

வேனை நீயே ஓட்டிப் போனதைச் சின்னபொண்ணு சொன்னாள். எழுதாதது என் கோபம். இப்போது எழுதிவிட்டேன்.

பொங்கலுக்கு நான் ஆரணிக்கு வந்தது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வராமல் போனேன். சேவூர் ஏரிக்கரையில் ஒருவருடைய மாட்டுக்கொட்டகையில் ஒரு மூலையை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். வீரன் கயிற்றுக்கட்டிலில் கிடக்கிறார். சின்னபொண்ணு நெல் வயலில் களை எடுக்கப் போகிறாள். அன்புச்செல்வி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். அப்பாவைப் புரட்டிப் போட வீட்டில் ஓர் ஆள் வேண்டுமே.

சின்னபொண்ணு என்னை உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே பேசினேன். கேஸ் போடலாம், இழப்பீடு கேட்கலாம் என்றெல்லாம் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "நீ அளக்க வந்த, உங்க அண்ணன் இடிக்க வந்தாரு. உங்க அண்ணன் தங்கச்சி சண்டையில எங்க ஓடு போச்சி, பாப்பா." பிறகு அவளே, "எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு" என்றாள்.

வேலூரில் தொழிலாளர் இழப்பீட்டுக்கு மனு கொடுத்திருக்கிறோம். அங்கே என்ன கேட்டார்கள் தெரியுமா? சம்பளச் சீட்டு. இல்லை. வாடகை ரசீது. இல்லை. அந்த விலாசத்தில் ரேஷன் கார்டு. இல்லை. என் வரைபடங்களையும், அறைகளை அளந்த குறிப்புகளையும் கொடுத்தேன். முதலாளியின் தங்கை செய்தது, அதுவும் பாகத் தகராறு இருக்கும்போது செய்தது என்று உன் வக்கீல் ஆட்சேபித்திருக்கிறார். கெட்டிக்காரர்தான்.

ஊரே பார்க்க இத்தனை வருடம் வாழ்ந்தவர்கள், வாழ்ந்தோம் என்று நிரூபிக்க முடியாமல் நிற்கிறார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் சாட்சி சொல்ல வர மாட்டார்கள். அவர்கள் பின்கட்டிலும் இதே போல் வரிசைகள் இருக்கின்றன. அந்த மனிதர் அங்கே குடியிருந்தார், எனக்குத்தான் நெய்தார் என்று நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது சென்னையிலிருந்து நான் கொண்டுவந்து கொடுக்கக்கூடிய வார்த்தை இல்லை. உன் வாயில் இருக்கிறது.

லதா


ஆரணி
9-8-1998

லதாவுக்கு,

சாட்சி சொல்ல வரும்படி எனக்குச் சம்மன் வந்தது. தபால்காரர் கடை வாசலில் நாலு பேர் எதிரில் கையெழுத்து வாங்கினார். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தி மாதக்கணக்காகிறது. தனியாகச் சோறு பொங்கித் தின்கிறாள். "ரிப்பேருன்னு சொல்லித்தான என் கையெழுத்த வாங்கின?" என்று ஒரே ஒருதரம் கேட்டாள். பாங்க்காரன், தகராறு உள்ள இடத்துக்கு லோன் கிடையாது என்று கைவிரித்துவிட்டான். வரிசை குட்டிச்சுவராக நிற்கிறது. ஆடு மேய்கிறது. உனக்கு இப்போது திருப்திதானே?

போன மாதம் கடை வேலையாக மெட்ராஸ் வந்தேன். உன் கல்லூரி வழியாகப் போனேன். உள்ளே வந்து உன்னைப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். உங்கள் டிபார்ட்மென்ட் பின்னால் புதுக் கட்டிடம் எழும்புகிறது. கட்டுகிறவர்கள் சிமெண்ட் மூட்டைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டுக் குழந்தை குட்டியோடு இருக்கிறார்கள். ஒரு பெண் செங்கல் தொட்டியில் இருந்த தண்ணீரிலேயே பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

அவர்களுக்குச் சம்பளச் சீட்டு உண்டா? ரேஷன் கார்டு உண்டா? கட்டிடம் முடிந்தால் எங்கே போவார்கள்? அவர்கள் கட்டுகிற ரூமில் உட்கார்ந்துதானே நீ வீடற்றவர்களைப் பற்றி வகுப்பு எடுக்கப் போகிறாய்? அந்தத் தகரக் கொட்டகையை அளந்தாயா? அங்கே அளந்தால் உன் சம்பளத்துக்கு ஆபத்து. அண்ணனை அளந்தால் பெயர் கிடைக்கும்.

சிவகுமார்


சென்னை
20-8-1998

அண்ணா,

அளந்தேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே அந்தக் கொட்டகைகளை அளந்து, குடிக்கிற தண்ணீரும் கலவைக்குப் போகிற தண்ணீரும் ஒரே தொட்டி என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்குக் கொடுத்தேன். கூப்பிட்டு அனுப்பினார்கள். "உங்க ஆராய்ச்சி ஆரணியப் பத்தித்தானம்மா?" என்று கேட்டார்கள். நீ கேட்டதும் அவர்கள் கேட்டதும் ஒன்றுதான், கவனித்தாயா? நீ, அங்கே போய்ப் பார் என்கிறாய். அவர்கள், ஆரணியைப் பார் என்கிறார்கள். எல்லோருக்கும் நான் வேறு எங்கேயாவது பார்க்க வேண்டும். இந்த வருடம் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரணம் சொல்லவில்லை. அந்தக் கொட்டகையில் தனியாக ஒரு குழாய் போட்டார்கள். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. போதாது என்று எனக்கே தெரியும்.

என்னைப் பற்றி நீ சொல்வது எல்லாம் நிஜமாகவே இருக்கட்டும். பெயருக்காகச் செய்கிறேன் என்றே வைத்துக்கொள். அதனால் வீரன் அங்கே குடியிருக்கவில்லை என்று ஆகிவிடுமா?

வாசல்வரை வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனாயே, அதற்கு மட்டும் எனக்கு வேறு கோபம்.

என் சாட்சியத்தைச் சொல்லிவிட்டேன். உன் முறை வரும்போது எனக்கு அங்கே வேலையில்லை. வர மாட்டேன். நான் பார்க்கிறேன் என்பதற்காக நீ எதையும் சொல்ல வேண்டாம்.

லதா


ஆரணி
14-3-1999

லதாவுக்கு,

வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே எழுதிவிடுகிறேன். போன மாதம் வேலூரில் விசாரணை முடிந்தது.

முன்கூட்டியே சொல்கிறேன். நான் மனம் மாறிப் போகவில்லை. எழுதிக்கொடுத்ததையே சொல்வதாகத்தான் போனேன். பஸ்ஸில் வேணுகோபால் இரண்டு தரம் ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தேன்.

முதலில் சின்னபொண்ணுவைக் கூப்பிட்டார்கள். இளைத்துப்போயிருக்கிறாள். வேணுகோபால் குறுக்கு விசாரணை செய்தார். உன் ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்றார். அவள் ஊர் பெயரைச் சொன்னாள். அப்படியானால் நீ அந்த ஊர்க்காரிதானே என்றார். அவள், "அரிசிக்கு அந்த ஊரு. இருந்தது ஆரணியில" என்றாள். அதுவரை நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர், பிரித்த ஓடும் மரமும் அங்கே கிடந்தது, அதைத் திருடிக்கொண்டு போக உன் புருஷன் சுவர் ஏறினான், அப்போதுதான் சுவர் விழுந்தது என்றார்.

இதை அவர் என்னிடம் சொல்லவே இல்லை, லதா. கேஸ் நிற்க வேண்டுமே என்று அங்கேயே ஜோடித்தார்.

சின்னபொண்ணு அவரைப் பார்க்கவில்லை. விசாரணை நடத்திய அதிகாரியையும் பார்க்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வரிசையில் கிலோ கிலோவாகப் பட்டு கிடந்திருக்கிறது. ஜரிகை சுற்றிய கட்டையை நான் எண்ணாமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து ஓர் இழை குறைந்ததில்லை. என் தறியில் திருடன் உட்கார்ந்திருந்தான் என்று எவன் சொல்கிறது? என்னிடம் கூலி வாங்குகிற வக்கீல் சொல்கிறான்.

எழுந்து நின்றுவிட்டேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. "திருடங்கன்னு சொல்லாதீங்க சார். அவங்க அங்கதான் குடியிருந்தாங்க. எனக்குத்தான் நெய்தாங்க. ஓடு பிரிக்கச் சொன்னது நானு" என்றேன். வேணுகோபால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, நிதானமாக மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் சின்னபொண்ணு கும்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தாண்டி நடந்துபோய் பஸ்ஸுக்கு நின்றாள். நன்றி சொல்லவில்லை. முதலில் கோபம் வந்தது. ஒன்றேகால் வருடம் கழித்து உண்மையைச் சொன்னவனுக்கு யார் நன்றி சொல்வார்கள் என்று பிறகு தோன்றியது.

இழப்பீடு நான்தான் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. வேனை விற்றுவிட்டேன். கடையை அடகு வைக்கவும் பேசியிருக்கிறேன். போலீஸில் பொய் எழுதிக்கொடுத்ததற்கு என்ன செய்வார்களோ தெரியாது. வேணுகோபால் என் கேஸ் கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். அம்மா நேற்று என் தட்டில் சோறு போட்டாள். இன்னும் பேசவில்லை.

இதை உனக்காகச் சொன்னேன் என்று நினைக்காதே. உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. நீ சரியாகச் சொன்னாய் என்பதால் நீ செய்தது எல்லாம் சரி என்று ஆகாது. என்னிடம் சொல்லாமல் என் வரிசையில் நுழைந்தாய், மேடையில் பேசினாய். அது இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.

வரிசை இருந்த மனையை நீயும் அம்மாவும் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு முன்பக்கத்துக் கடையில் மிச்சம் ஏதாவது இருந்தால் போதும். சின்னபொண்ணுவுக்கு அங்கே ஓர் அறை கட்டிக் கொடு, நகராட்சியில் வீடு என்று பதிந்து, அவள் பெயரில் கதவு எண் வாங்கு. தொழிற்கூடம் என்று எவனாவது எழுதினால் என்னைக் கூப்பிடு, நான் வருகிறேன்.

இழப்பீடு ஒரு குடும்பத்துக்குத்தான். வரிசையில் இருந்தவர்கள் ஆறு குடும்பம். சுவர் விழுந்த மறுநாள் அந்த இன்னொரு தார்ப்பாய்க்காரர்களும் கிளம்பிவிட்டார்கள். ஒரு குடும்பம் காஞ்சிபுரம் போனதாகச் சொல்கிறார்கள். ஒருவன் பெங்களூரில் சித்தாள் வேலை செய்கிறானாம். மற்றவர்கள் எங்கே என்று நானும் இரண்டு வாரமாக விசாரித்துப் பார்த்தேன். ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் எல்லோரும் இத்தனை வருடம் இதே தெருவில்தான் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நீதானே மனிதர்கள் எங்கே போகிறார்கள், யார் அவர்களை நகர்த்தினார்கள் என்று படித்தவள். யார் என்பது தெரிந்துவிட்டது, நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். எங்கே என்பதை நீ கண்டுபிடி. உன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வா. இந்த முறை நம் வீட்டிலேயே தங்கட்டும். பெயர்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. நானும் கூட வருகிறேன்.

சிவகுமார்